கத்தக்கூடாத வீட்டில் ஒரு பிரசவம்

மருத்துவச்சி வேலையில பிள்ளையைக் கையில வாங்கறது சுலபம். அதுவரைக்கும் வலியில கிடக்கறவளை எப்படித் தேத்தறதுங்கறதுதான் பெரும்பாடு. பக்கத்துல நின்னு கையைப் பிசைஞ்சிருப்பீங்களே, உங்களுக்குத் தெரியாததா? யுத்த காலத்துல, பெரம்பலூர்லேருந்து, பெட்ரோல் கிடைக்காம கரியில ஓடின பஸ்சுலயும் மாட்டு வண்டியிலயும் அரும்பாவூர் போய்ப் பார்த்த ஒரு பிரசவத்தைச் சொல்றேன். என் கைவசமிருந்த வைத்தியம் மொத்தமும் அன்னிக்குப் பரீட்சைக்கு வந்துச்சு.

வெந்நீர்

செல்லம்மாவுக்கு அது ரெண்டாம் பிரசவம். தலைச்சன் தாய்வீட்டுல பிறந்து, அன்னிக்கே போயிடுச்சு. இதுவும் தங்கலேன்னா மவனுக்கு வேற பொண்ணு பார்க்கறதுன்னு மாமியார் வாயைவிட்டே சொல்லியிருந்தாங்க.

நான் போனப்ப செல்லம்மா பல்லைக் கடிச்சு, மூச்சை அடக்கிக்கிட்டுக் கிடந்தா. வெந்நீர்ல துணியைப் பிழிஞ்சு இடுப்புக்கு ஒத்தடம் கொடுத்தேன். வலி விட்ட நேரத்துல சுகமா இருந்துச்சு. வலி வந்ததும் துணியைத் தள்ளிவிட்டா. "கொஞ்சம் கத்தேன்டி, மூச்சாவது வெளிய வரட்டும்"னேன். வாசப்படியிலேருந்து மாமியார் சொன்னாங்க: "எங்க வூட்டுப் பொம்பளைங்க கத்துனதில்ல நர்சம்மா. தெருவே கேக்கும்."

நடையும் எண்ணெயும்

எழுப்பி முற்றத்துல நடக்க வச்சேன். நடக்கறப்ப வலியைக் கொஞ்சம் தாங்க முடியுதுன்னு சொன்னா, ஆனா கால் சோர்ந்துடுச்சு. சுவரைப் பிடிச்சுக் குனிய வச்சு, நடு இடுப்புல விளக்கெண்ணெய் தடவி உள்ளங்கையால அழுத்தினேன். இதுதான் அவளுக்குக் கேட்டுச்சு. கையை எடுக்கவே விடல, என் மணிக்கட்டு விட்டுப்போச்சு.

ஆனா பாவி மக, ஒவ்வொரு வலிக்கும் முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டா. உடம்பு கட்டையா இறுகிப்போகுது. எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்துச்சு. "யாருக்குடி இப்படி பயப்படறே?"ன்னேன். முந்தானையை எடுத்துட்டு மெதுவா சொன்னா: "இதுவும் போச்சுன்னா, நான் கத்துனதாலதான் போச்சும்பாங்கம்மா."

அவுத்துவிட்ட மாடு

வலி நீண்டுக்கிட்டே போனா, வீட்டுல கட்டினது மூடினது எதுவும் இருக்கக்கூடாதுன்னு அங்கே வழக்கம். பெட்டியைத் திறந்தாங்க, பானை மூடியை எடுத்தாங்க, செல்லம்மா கொண்டையை அவுத்தாங்க. வெளியே தவிச்சுக்கிட்டு நின்ன புருஷன் கந்தசாமி, தன் பங்குக்குக் கொட்டகைக்குள்ள போய் மாடு, கன்னு, ஆடு அத்தனையையும் அவுத்துவிட்டுட்டார். அதுங்க நேரா பக்கத்து வீட்டுச் சோளக்கொல்லைக்குள்ள புகுந்துடுச்சுங்க. அப்புறம் கேக்கணுமா! "ஏய் பிடி, மடக்கு"ன்னு தெருவே தொண்டை கிழியக் கத்துது.

மாமியார் தலையில அடிச்சுக்கிட்டாங்க. அப்புறம் மருமக முகத்தைப் பார்த்தாங்க. என்ன தோணுச்சோ, கிட்ட வந்து அவ வாயில இருந்த முந்தானையை அவங்களே உருவினாங்க. "இப்ப கத்துடி, எவளுக்கும் கேக்காது."

செல்லம்மா கத்தினா. போன பிள்ளைக்கும் சேர்த்துக் கத்தினா. நான் இடுப்பை அழுத்திக்கிட்டே இருந்தேன். இறுகிக் கிடந்த உடம்பு தளர்ந்து கொடுத்துச்சு. மாடுங்க கொட்டகைக்குத் திரும்பறதுக்குள்ள பொம்பளைப் பிள்ளை பிறந்து, வீடே அதிர அழுதுச்சு. பொண்ணாச்சே, மாமியார் என்ன சொல்வாங்களோன்னு பிள்ளையைச் சட்டுனு துணியில சுத்தினேன். அழுகையை அமர்த்தப் போன என் கையை அவங்க தடுத்துட்டாங்க: "கத்தட்டும் விடுங்க நர்சம்மா. நான் அஞ்சு பெத்தும் கத்தாம வச்சதையும் சேத்து இவ கத்தட்டும்."

வெந்நீர், நடை, எண்ணெய் மூணுல என்னைக் கேட்டா எண்ணெயும் உள்ளங்கையும்தான்னு சொல்வேன். ஆனா ஒரு பொம்பளை வாய்விட்டுக் கத்தறதுக்கே ஒரு கொட்டகை மாட்டை அவுத்துவிட வேண்டியிருந்தா, வைத்தியத்தை எங்கேயிருந்து ஆரம்பிக்கறது, நீங்களே சொல்லுங்க!