கிழவி நின்ற இடங்கள்

நானும் ஒரு காலத்தில் குதிரைக் கிளப்பில் அங்கத்தவளாக இருந்தேன் என்று சொன்னால் என் பிள்ளைகளே நம்புவதில்லை. பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவளுக்குக் குதிரை ஏது, கிளப் ஏது என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். என் பெயர் அந்தப் புத்தகத்தில் ஏறியது உண்மை. அந்தக் கிளப் கொடுத்த உதவிப் பணத்தில்தான் நான் பதுளையில் படித்தேன் என்பதும் உண்மை.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை மூட்டை கட்டிக்கொண்டு சீமைக்குப் போனபோது, தன் பெட்டைக் குதிரையைத் துரைமாரின் கிளப்புக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கூடவே, கிளப்பில் சவாரி பழகும் பிள்ளைகளின் படிப்புக்கென்று ஒரு தொகையையும் விட்டுச் சென்றார். குதிரையைப் பார்த்துக்கொண்ட அப்பாவும் அதன் பின்னாலேயே கிளப்புக்கு வேலைக்குப் போனார். துரை அதற்கு வைத்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. லயத்தில் எல்லோருக்கும் அது கிழவிதான். பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிப்போய் அதன் வெறும் முதுகில் ஏறி, ஓடையில் தண்ணீர் காட்டிக் கூட்டி வருவது என் வேலை. எனக்கு அப்போது பத்து வயது. ஊவா மாகாணத்தில் என்னைவிடப் பெரிய சவாரிக்காரி இல்லை என்று நான் மனதார நம்பியிருந்தேன்.

புதிதாக வந்த துரைமாரின் பிள்ளைகள் கொழும்பில் படித்தார்கள். லீவுக்கு வந்தாலும் குதிரையைக் கண்டதும் அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொள்வார்கள். உதவிப் பணத்துக்கு விண்ணப்பிக்க ஆளில்லாமல் அதற்குள் இரண்டு வருடம் ஓடிவிட்டிருந்தது. கிளப்பின் கடிதங்களை எழுதிவந்தவர் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஐயா. அவருக்கு ஒரு விஷயம் புத்தகத்தில் இருந்து, நடப்பில் இல்லாமற் போனால் தூக்கம் வராது. ஒருநாள் விதிப்புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குதிரைக் கொட்டகைக்கே வந்துவிட்டார்.

"இஞ்சை பார் தம்பி, துரைமாற்றை பிள்ளையள் எண்டு இதிலை ஒரு இடத்திலையும் எழுதேல்லை. அங்கத்தவர் எண்டுதான் கிடக்கு. போட்டி நாளிலை மைதானத்தை ஒருக்காச் சுத்தி வந்தால் காணும். உன்ரை பெட்டைப்பிள்ளையின்ரை பேரைப் போடுறன்," என்றார் அப்பாவிடம்.

அப்பா சரிங்க ஐயா என்று சொல்லிவிட்டு வந்தார். அம்மா காதில் விழுந்ததும் வீடு இரண்டுபட்டது. தோட்டப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்குமேல் படிக்க வேண்டுமானால் பதுளையில் விடுதியில் தங்க வேண்டும். லீவுக்குத்தான் வீடு.

"பொட்டப்புள்ளய அம்புட்டுத் தூரம் அனுப்பிட்டு நான் இங்க என்னா பண்றது? அவ என்கூடக் கொழுந்தெடுக்க வரட்டும்," என்றாள் அம்மா.

"கொழுந்து எங்கயும் போயிடாது. இது ஒருக்காதான் வரும்," என்றார் அப்பா.

அதோடு அம்மா அப்பாவுடன் பேசுவதை நிறுத்திவிட்டாள். ஒரு வாரம் சாப்பாட்டுத் தட்டு மட்டும் அவர் முன்னால் சத்தமாக வந்து உட்கார்ந்தது. நான் முழுக்க அப்பாவின் கட்சி. விடுதியில் ஆளுக்கொரு கட்டில் உண்டு என்று கிளாக்கர் ஐயா சொல்லியிருந்தார். கட்டிலில் தனியாகப் படுப்பதைத்தான் நான் படிப்பு என்று நினைத்திருந்தேன் என்று தோன்றுகிறது.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அண்ணனின் காற்சட்டையைப் போட்டு இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு நான் கிழவி மேல் ஏறினேன். துரைமாரும் துரைசானிமாரும் கூரை போட்ட மேடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். சவாரி செய்பவர் கீழே இறங்கக் கூடாது, வேறு யாரும் கடிவாளத்தைத் தொடக் கூடாது, செயலாளர் துரை மணியடிப்பதற்குள் முடிவுக் கம்பத்துக்கு வந்துவிட வேண்டும். விதி அவ்வளவுதான்.

பாதி மைதானம் வரை ராணி மாதிரிப் போனேன். அப்பால் வேலிக்கு வெளியே எங்கள் லயத்துப் பெண்கள் ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். முதலில் அத்தை, அடுத்துச் சித்தி, கடைசியில் அம்மா. எல்லோர் முதுகிலும் கொழுந்துக் கூடை தொங்கியது. கிழவி காதை நிமிர்த்தியது. நேராக அத்தையின் கூடைக்குப் போய் நின்றுவிட்டது.

அதைக் குற்றம் சொல்ல முடியாது. பத்து வருடமாகத் தினமும் காலையில் துரையைச் சுமந்து மலை மலையாகப் போன குதிரை அது. ஒவ்வொரு கூடையருகிலும் துரை அதை நிறுத்தி, குனிந்து, முற்றல் இலை கலந்திருக்கிறதா என்று கையைவிட்டுத் துழாவுவார். அந்த நேரத்தில் அது கொழுந்தில் வாய் வைத்துவிடாமல் இருக்கக் கூடைக்காரி மடியிலிருந்து ஒரு துண்டு ரொட்டியை எடுத்து நீட்டுவாள். கூடையைக் கண்டால் நிற்க வேண்டும் என்பதுதான் கிழவி படித்த படிப்பு.

அத்தையிடம் நின்றது. சித்தியிடம் நின்றது. ஒருத்தியையும் விடவில்லை. நான் காலால் உதைத்தேன், கெஞ்சினேன், வாயில் வந்தபடியெல்லாம் திட்டினேன். மேடையில் சிரிப்புச் சத்தம் கிளம்பியது. செயலாளர் துரை மணியைக் கையில் எடுத்துவிட்டார். கடைசியாக அம்மாவின் முன்னால் நின்று அவள் மடியை முகர்ந்தது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அம்மா, போகச் சொல்லும்மா," என்றேன்.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து வேலிக்குள் நுழைந்து, தோட்டத்து ஆட்கள் கால் வைக்கக் கூடாத அந்தப் புல்லில் ஏறி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கம்பத்தை நோக்கி நடக்கத் தொடங்கினாள். முதுகில் கூடை ஆடியது. கிழவி கூடைக்குப் பின்னாலேயே போனது.

மணி அடிப்பதற்குள் கம்பத்துக்கு வந்துவிட்டோம். இது செல்லாது என்று ஒரு துரை எழுந்து நின்றார். கிளாக்கர் ஐயா விதிப்புத்தகத்தை விரித்து அவர் முன்னால் வைத்து, கடிவாளத்தை யாரும் தொடவில்லை என்று ஆங்கிலத்தில் பணிவாகச் சொன்னார். செயலாளர் துரை சிரித்துச் சிரித்து ஈரமான கண்ணைத் துடைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

எனக்கோ மானம் போய்விட்டது. துரைமாரின் பிள்ளைகள் முதுகை வளைத்து அம்மா மாதிரி நடந்து காட்டினார்கள். திரும்பும்போது நான் அம்மாவோடு சேர்ந்து நடக்கவில்லை. கூடை இல்லாமல் இந்த அம்மாவுக்கு வெளியே வரத் தெரியாதா என்று அப்பாவிடம் முறையிட்டேன். பதுளை விடுதியில் தோழிகளிடம் இந்தக் கதையைச் சொன்னபோது கூடையையும் அம்மாவையும் எடுத்துவிட்டுத்தான் சொன்னேன்.

பல வருடம் கழித்து, நான் டீச்சராகி அம்மாவை என்னோடு கூட்டி வந்த பிறகு, வீட்டுக்கு வந்தவர்களிடம் முழுக் கதையையும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வேல இல்லாத ஞாயித்துக்கெழம யாருடி கூடையத் தூக்குவா?" என்றாள் தலையைத் தூக்காமல். "கூடையக் கண்டா அது நிக்கும்னு தெரிஞ்சுதான் அவளுகளையும் கூட்டியாந்தேன்."



"அப்பறம் ஏம்மா நடந்த?" என்றேன்.

"நீ அழுதியே."

கீரைக் காம்புகளை முறத்தில் அள்ளிக்கொண்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்று கம்பம் வரைக்கும் அம்மா ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. துரைமாருக்குப் பயந்துதான் அப்படி நடக்கிறாள் என்று, குதிரை மேல் உட்கார்ந்திருந்த எனக்கு அப்போது தோன்றியது.