கைப்பிடி இல்லாத சுவர்

ரொறொன்ரோ நகர நடுவில் குளிருக்குள் நிற்கிறோம். என்ர மனிசிக்கு நீரிழிவு. உடனே கழிவறைக்குப் போக வேண்டும் என்கிறா. பக்கத்தில் கண்ணாடி முகப்புள்ள பெரிய கைப்பைக் கடை ஒன்றுதான் இருக்கிறது. உள்ளே போகிறோம். அவ்வளவு பெரிய இடத்தில் நாலு கைப்பைதான் வைத்திருக்கிறார்கள். காவலுக்கு நிற்பவர் எங்கட தமிழ் ஆள்.

"தம்பி, கழிவறை எங்க?"

"உந்தச் சுவரிலதான் அண்ணை. கதவு தெரியாது. கைப்பிடி, எழுத்து ஒண்டும் சுவரில இருக்கக்கூடாது எண்டு கடைக்கு வரைபடம் கீறினவர் சொல்லிப்போட்டார். ஜப்பான்காரர். டோக்கியோவில வானம் முட்டுற மாடிக் கட்டிடங்கள், நாடு நாடா இப்பிடிக் கடைகள். பெரிய பேர்."

"பேர் இருக்கட்டும். அந்தாளுக்கு அவசரமே வாறேல்லையோ?"

அவர் சிரித்துக்கொண்டு சுவரை அங்கங்கே கையால் அமத்துகிறார். ஓரிடம் திறக்கிறது. மனிசி உள்ளே ஓடுகிறா. சுவர் மூடிக்கொள்கிறது. ஒரு கோடுகூடத் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்து தட்டுகிறா.

"இஞ்சேருங்கோ, இதை எப்பிடித் திறக்கிறது?"

எந்த இடம் என்று காவல்காரருக்கும் பிடிபடவில்லை. இரண்டு பேரும் சுவரை அமத்திக்கொண்டு நிற்கிறோம். பை வாங்க வந்த வெள்ளைக்காரி ஒருத்தி பார்க்கிறா. இது இந்தக் கடை வழக்கமாக்கும் என்று நினைத்து, தானும் வந்து அமத்துகிறா.