உதட்டில் வைத்த தீர்த்தம்

நான் அழுவதைப் பார்த்துக்கொண்டே என் கணவர் எப்படிப் பேசாமல் இருந்தார்? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

தூத்துக்குடியிலிருந்து மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும், எங்கள் கைக்குழந்தையின் குடலில் பெரும்பகுதியை வெட்டி எடுத்தார்கள். பிறகு வாரக்கணக்கில் ரத்தக்குழாய் வழியாகத்தான் அவளுக்கு உணவு. வாயில் ஒரு சொட்டும் படக்கூடாது என்றார்கள். நானோ ஒருநாள், புன்னைக்காயல் மாதா கோவிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தத்தை விரலால் தொட்டு அவள் உதட்டில் வைத்துவிட்டேன். அடுத்த வாரம் கண்கள் மஞ்சளாயின. என்னால்தான் என்று கணவரிடம் சொல்லி அழுதேன். பங்குச் சாமியாரிடம் போய், செய்த பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனமும் செய்தேன்.

கடைசியில் டாக்டரிடமும் ஒப்புக்கொண்டேன்.

"தீர்த்தத்தால இல்லம்மா. ரொம்ப நாள் இப்படியே சாப்பாடு ஏறினா ஈரல் கெடலாம். கையெழுத்து வாங்கும்போதே உங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேனே!"

"நீ பயந்துருவேன்னுதான் ஏளா சொல்லல," என்றார் பக்கத்தில் நின்ற கணவர்.

"அதுக்கு, பழிய மட்டும் நான் சுமக்கணுமாக்கும்?"

வாய்வழியாகப் பால் கொடுக்கத் தொடங்கியபின் மஞ்சள் மெல்லக் குறைந்தது. அடுத்த பரிசோதனைக்குக் குழந்தையைத் தானே கொண்டுபோவதாகக் கணவர் சொல்கிறார். டாக்டர் சொல்வதை இனி மறைக்கமாட்டார் என்று நம்பி அனுப்பலாமா? நானும் கிளம்பினால் அவரை அவமதித்ததாகுமா? இப்படி அனுபவப்பட்டவர்கள் எனக்கு எழுதுங்கள்.