வாழைவெட்டுக்குக் கொண்டுபோன குக்ரி

இரண்டு வருசத்துக்கு முந்தி, ஒக்டோபர் மாதம், விஜயதசமி சனிக்கிழமை. புலம்பெயர்ந்து வந்த நாட்டில், ஆரா என்ற ஊரில், நாங்கள் இருக்கும் கட்டடத்தின் நிலக்கீழ்க் கெல்லருக்குள் வைத்து, கோயில் கத்தியை நான் உடைத்துவிட்டேன்.

எங்கள் கோயில் முந்தி ஒரு பட்டறையாக இருந்த இடம். நவராத்திரி முடிந்து பத்தாம் நாள் பின்னேரம் அங்கே வாழைவெட்டு. அசுரன் என்று ஒரு வாழையை நட்டு, அம்மன் முன்னால் ஐயர் அதை வெட்டுவார். ஒரே வெட்டில் விழவேண்டும். அந்த வருசம் கத்தி மொட்டை என்று கதை வந்தது. "தாங்கோ, நான் தீட்டித் தாறன்" என்று கேட்டு வாங்கியது நான்தான். இறைச்சித் தொழிற்சாலையில் எனக்குப் பத்தொன்பது வருசம். எலும்பிலிருந்து இறைச்சி பிரிக்கிற வேலை. கத்தியைப் பற்றி எனக்கு ஆரும் சொல்லித் தரத் தேவையில்லை என்ற எண்ணம்.

கத்தியின் வாயில் ஒரு நெளிவு இருந்தது. இடுக்கியில் பூட்டிச் சுத்தியலால் ஒரு தட்டுத்தான் தட்டினேன். பிடிக்குள் இருந்த இரும்பு கறள் பிடித்து உக்கிப்போயிருந்தது. பிடி ஒரு பக்கம் விழுந்தது, அலகு ஒரு பக்கம் விழுந்தது.

என் மனிசி உடுப்புக் கூடையோடு வந்தவள் பார்த்துவிட்டாள்.

"இஞ்சருங்கோ, இது கோயில் கத்தியெல்லோ?"

"ஓம்."

"பின்னேரம் வெட்டெல்லோ?"

"ஓம்."

"ஓம் ஓம் எண்டு நிண்டால் கத்தி ஒட்டுமோ?"

வேலைக் கத்தி ஒன்று கேட்டு எடுக்கலாமோ என்று நினைத்தேன். அவளுக்கு என் முகம் விளங்கிவிட்டது. "மாடு வெட்டுற கத்தி கோயிலுக்கு வேண்டாம்" என்றாள். முதல் நாள் ஆயுத பூசைக்குத் தையல் மெசின், பிள்ளைகளின் கொம்பியூட்டர், கார்த் திறப்பு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவள். என் கத்தியை எந்த வருசமும் கேட்டதில்லை. நானும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

அப்போதுதான் அந்த நேபாளக்காரனின் நினைவு வந்தது. வேலையில் எனக்குப் பக்கத்து மேசை. என்னை "டாஜு" என்பான். அவர்களுடைய பாசையில் அண்ணை. இந்த நாட்டு ஜெர்மன் பாசை, டொச், அவனுக்கும் அரைகுறை, எனக்கும் அரைகுறை, அதனால் வடிவாக விளங்கும். வீட்டில் தகப்பனின் குக்ரி, அவர்களுடைய வளைந்த கத்தி, இருக்கிறது, நவராத்திரிக்குப் பூசையில் வைப்போம் என்று ஒரு நாள் சொல்லியிருந்தான். போன் எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"இண்டைக்கு எங்களுக்கும் பெருநாள், டாஜு. வா" என்றான்.

ரயில் எடுத்து, அவன் இருக்கும் பாடனுக்குப் போனேன். கதவைத் திறந்தவனின் நெற்றி நிறைய அரிசி குழைத்த சிவப்புப் பொட்டு. நவராத்திரிக்கு முளைக்க வைத்த மஞ்சள் நாற்றைக் காதில் செருகியிருந்தான். உள்ளே, துர்க்கை படத்துக்கு முன்னால், சிவப்புத் துணியில் அது கிடந்தது.

அந்த வளைவை நான் சின்ன வயதில் கண்டிருக்கிறேன். இந்திய ஆமி ஊருக்கு வந்த காலம். ஒழுங்கையால் போன கூர்க்காப் படைக்காரரின் இடுப்பில் தொங்கும். அம்மா எங்களை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவா. இவனுடைய தகப்பனும் பட்டாளம்தான். எந்தப் பட்டாளம் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

கும்பிட்டுவிட்டு இரண்டு கையாலும் எடுத்துத் தந்தான். நானும் இரண்டு கையாலும் வாங்கினேன். கறுப்புத் தோல் போர்த்த மர உறை. உறையின் முதுகில் இரண்டு குட்டிக் கத்திகள், தாய் முதுகில் குஞ்சுகள் மாதிரி. எருமைக் கொம்புப் பிடி. பாரம் கையில் இல்லை, முன்னுக்கு இருந்தது. அது என்னை எங்கேயோ வரச்சொல்லி இழுக்கிற மாதிரி இருந்தது.

"இதை உருவினால் ரத்தம் காட்டாமல் உறையில போடக் கூடாதாமே?" என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். "அப்ப என்ர அம்மா கறிக்குக் கோவா வெட்ட ஏலாது."

எனக்கும் சிரிப்பு வந்தது. பயம் போய்விட்டது. இடது கையால் உறையைச் சுற்றிப் பிடித்து, வலது கையால் பிடியை இழுத்தேன். ஒரு விரற்கடை வந்திருக்கும். அவன் பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தான். நல்ல பிடி. எலும்பு நொந்தது.

"விரல்! டாஜு, விரல்!"

உறையைத் திருப்பிக் காட்டினான். வாய்ப்பக்கம், அலகின் கூர் இருக்கிற பக்கம், மரம் இரண்டும் சேருகிற இடத்தில் தோல் நீளத்துக்குப் பிளந்திருந்தது. என் நாலு விரலும் சரியாக அதுக்கு மேலே. நேரே இழுத்திருந்தால் அலகு உறையை அறுத்துக்கொண்டு வந்திருக்கும், விரல்களையும் சேர்த்து. தன்னுடைய மாமனுக்கு இடது கையில் மூன்று விரல்தான் என்றான். அவரும் கத்தி தெரிந்த ஆள்தானாம்.

வேலையில் எனக்கு இரும்புக் கையுறை இருக்கிறது. அங்கே வெறுங்கை. முகம் சுட்டது.

அவன் மெல்லச் சொல்லித் தந்தான். உறையை முதுகுப் பக்கமாகப் பிடி. விரல் வாய்ப்பக்கம் வரக் கூடாது. அலகின் முதுகை உறையில் ஊன்றி உருவு. உருவினேன். சத்தமே இல்லை. என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளம். பிடிக்குக் கிட்ட முதுகு ஒரு விரல் தடிப்பு. நடுவில் குனிந்து, வயிறு வைத்து, நுனியில் மெலிந்து போனது. பிடியடியில் சின்னதாக ஒரு வெட்டு, பிறை மாதிரி. எங்கள் வேலைக் கத்திகள் தேய்ந்தால் எறிந்துவிட்டு வேறு எடுப்போம். இதை எத்தனை தரம் தீட்டியிருப்பார்கள் என்று தெரியாது. பார்த்துக்கொண்டே நின்றேன்.

"நீயே உருவு. வேற ஆரையும் உருவ விடாதே" என்று சொல்லி, துணியில் சுற்றித் தந்தான்.

ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். டிக்கட் பார்க்கிறவர் வந்தபோது வியர்த்தது. அவர் டிக்கட்டைத்தான் பார்த்தார்.

கோயிலில் சனம் நிறைந்துவிட்டது. வில் என்ற ஊரில் ஒரு குடும்பம் வீட்டுக்குப் பின்னால் வளர்த்த வாழை மண்டபத்தின் நடுவில் நின்றது. ஐயரிடம் உண்மையைச் சொன்னேன். உடைத்தது நான். இது நேபாள ஆக்கள் பூசையில் வைத்தது.

"ஆருக்கு வைச்ச பூசை?"

"துர்க்கைக்கு, ஐயா."

"பிறகென்ன" என்று தட்டத்தில் வாங்கி வைத்து, மேலே பூப்போட்டார். உருவுகிற விதத்தைச் சொல்ல வாயெடுத்தேன். மேளம் தொடங்கிவிட்டது. அவர் உள்ளே போய்விட்டார்.

தீபாராதனை முடிந்தது. ஐயர் வாழைக்கு முன்னால் வந்தார். தட்டத்திலிருந்து குக்ரியை எடுத்தார். இடது கையால் உறையைச் சுற்றிப் பிடித்தார். நாலு விரலும் வாய்ப்பக்கம். நான் பிடித்த அதே பிடி.

கத்தினேன். தவில் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. அவருடைய வலது கை பிடிக்குப் போனது.

சனத்தை மறித்துக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி ஓடிப்போய் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தேன்.

பூசையில் நிற்கிற ஐயரை ஆரும் தொடமாட்டார்கள். அதிலும் நான். என்ன வேலை செய்கிறேன் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். தவில் நின்றுவிட்டது. "என்ன இது, என்ன இது" என்று பின்னால் சத்தம். மனிசி வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஐயா, விரல்" என்றேன். உறையைத் திருப்பி, பிளவைக் காட்டினேன்.

ஐயர் பிளவைப் பார்த்தார். தன் விரல்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீரே உருவித் தாரும்" என்றார்.

"ஐயா, நான் இறைச்சி வெட்டுறவன்."

"அதுதான் கேக்கிறன். கத்தி தெரிஞ்ச ஆள் நீர்தானே."

உறையை முதுகுப் பக்கமாகப் பிடித்தேன். முதுகை ஊன்றி, மெல்ல உருவினேன். விளக்கு வெளிச்சம் பிடியடியிலிருந்து நுனி வரை அலகோடு ஓடியது. பிடி அவர் பக்கம் வரத் திருப்பிக் கொடுத்தேன்.

ஐயர் மெலிந்த மனிசன். பெரிதாக ஓங்கவும் இல்லை. அலகின் பாரமே அவருடைய கையைக் கூட்டிக்கொண்டு போனது. ஒரு வீச்சு. வாழை அப்படியே நின்றது. தவறிவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். பிறகு, மேல்பாதி மெதுவாக, வழுக்கிக்கொண்டு சரிந்தது. அதுக்குப் பிறகுதான் சனத்துக்கு "அரோகரா" வந்தது.

அடுத்த நாள் வாழைக் கயர்க் கறையைத் துடைத்து, எண்ணெய் பூசி, பாடனுக்குக் கொண்டுபோனேன். அவன் வாசலிலேயே கேட்டான்.

"விரல் எத்தினை?"

"பத்து."

"ஐயரிட்டை?"

"அவரிட்டையும் பத்து."

சிரித்துக்கொண்டு வாங்கி, நெற்றியில் ஒற்றி, துர்க்கைக்கு முன்னால் வைத்தான்.

போன வருசம் ஆயுத பூசைக்கு மனிசி பொட்டுக் கிண்ணத்தோடு வந்து, "உங்கட கத்தி எங்கை?" என்று கேட்டாள். கம்பனிக் கத்தி வீட்டுக்கு வராது என்றேன். "அப்ப கையைத் தாங்கோ" என்று என் வலது கையில் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போனாள்.

இப்போதும் விடிய வேலையில் கத்தியை எடுக்கும்போது, என் விரல்கள் எங்கே நிற்கின்றன என்று முதலில் பார்க்கிறேன். அந்த ஒரு நிமிசம் எனக்குக் கோயிலில் நிற்கிற மாதிரித்தான் இருக்கிறது.