மடித்து வைத்த சட்டை

என் அண்ணிக்குக் கண்ணெல்லாம் துணிமேல்தான். எதிரே ஒருவர் அழுதுகொண்டு வந்தாலும், காலர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பாள். கெட்டவள் இல்லை, தையற்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. பள்ளிச் சீருடைகளை அவள் வெட்டித் தைப்பாள், நான் காஜா எடுத்துப் பட்டன் வைப்பேன்.

என் அண்ணன் லாரி ஓட்டுகிறான். கூடப் பிறந்தவன் என்பதற்காகப் பூசி மெழுக மாட்டேன், அவன் ஒரு மிருகம். 'அடியாத மாடு படியாது' என்பது அவனுக்கு வேதவாக்கு. மகன் எதிர்த்துப் பேசினால் திமிர் என்று அடிப்பான். பேசாமல் நின்றால் அழுத்தம் என்று அடிப்பான். ஒருநாள் பிள்ளையைச் சட்டையோடு பிடித்துச் சுவரில் மோதினான். மூக்கில் ரத்தம் கொட்டியது, தோள் தையல் பிரிந்து பாக்கெட் கிழிந்து தொங்கியது. அண்ணி ஓடிவந்தாள். வந்து சொன்னாளே ஒரு சொல்:

"அடிக்கறதுன்னா அடிங்க. சட்டைய ஏன் கிழிக்கறீங்க? நேத்துதான் தச்சேன்."

அன்றிலிருந்து அண்ணன் அதையே வழக்கமாக்கிக்கொண்டான். பெல்ட்டை உருவுமுன், "சட்டையக் கழட்டு, மடிச்சு வை," என்பான். பிள்ளை கழற்றி, கடையில் அடுக்குவதைப்போல் கைகளை உள்ளே தள்ளி மடித்து நாற்காலியில் வைப்பான். பிறகு கதவைச் சாத்திக்கொண்டுதான் விளாசல். "எம் பையன் துணிய எவ்வளவு நல்லா வச்சுக்கறான் பாத்தியா," என்று அண்ணி என்னிடம் பெருமையடிப்பாள்.

போன மாதம் பேக்கரிக்காரர் தன் மகனை அளவெடுக்கக் கூட்டிவந்தார். எங்கள் பிள்ளையின் வகுப்புத்தான். முதுகில் டேப் பட்டதும் பையன் துள்ளி மெஷினில் இடித்துக்கொண்டான். அண்ணி அவன் சட்டையைத் தூக்கினாள். முதுகு முழுக்கப் பெல்ட் பக்கிளின் தடம். பழசு கறுத்திருந்தது, புதுசு தோலுரிந்து நீர் கசிந்தது.

"சட்டையில ஒரு கிழிசல்கூட இல்லையே," என்றார் பேக்கரிக்காரர்.

"யாரு கண்ணு அடிச்சது?" என்று அண்ணி கேட்டாள்.

"சொன்னா அடுத்து கண்ணுல அடிப்பான். ஸ்கூல் டாய்லெட்ல வச்சு ரெண்டு பேரு கையப் பிடிச்சுக்குவாங்க. அதுக்கு முன்னாடி சட்டையக் கழட்டி மடிக்கச் சொல்வான். மடிப்பு சரியா வரலைன்னா திரும்ப மடிக்கணும்."

அண்ணி டேப்பைச் சுருட்டினாள். சுருட்டி முடித்த பிறகும் விரல் சுற்றிக்கொண்டே இருந்தது.

"எம் பையன்தாண்ணா," என்றாள்.

பேக்கரிக்காரர் ஸ்டூலை எட்டி உதைத்தார். "எங்க அவன்? கைய ஒடிச்சிடறேன்."

"நான் பெத்தது, நானே ஒடிக்கறேன்." மர ஸ்கேலை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் பாய்ந்தாள். நாங்கள் பின்னாலேயே ஓடினோம்.

பிள்ளை பாடம் எழுதிக்கொண்டிருந்தான். அவள் கையில் இருந்த ஸ்கேலைப் பார்த்தான். ஓடவில்லை, மறுக்கவில்லை. எழுந்து பட்டன்களைக் கழற்றினான். கைகளை உள்ளே தள்ளிச் சட்டையை மடித்தான். நாற்காலியில் வைத்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றான்.

அதே தடங்கள். பேக்கரிக்காரர் ஓங்கிய கையை இறக்கிவிட்டார். தானாகக் குளிக்கத் தொடங்கியதிலிருந்து அந்த முதுகை அண்ணி பார்த்ததே இல்லை.

சத்தம் கேட்டுத் தூக்கம் கலைந்த அண்ணன், பெல்ட்டை உருவிக்கொண்டே வந்தான். "தள்ளு. நான் பாத்துக்கறேன்."

அண்ணி குறுக்கே நின்றாள். பக்கிள் அவள் கன்னத்தைப் பிளந்தது. பெல்ட்டின் நுனியைப் பிடித்தவள் விடவில்லை. அவன் அவள் வயிற்றில் மிதித்தான், அப்போதும் விடவில்லை. நான் பக்கத்திலிருந்த சொம்பால் அவன் மணிக்கட்டில் ஓங்கி ஒரு போடு போட்டேன். பெல்ட் எங்கள் பக்கம் வந்தது.

துணி வெட்டும் கத்திரிக்கோலால் காகிதம் வெட்டினாலே கூர் போய்விடும் என்று என்னைத் திட்டித் தீர்ப்பவள் அவள். முன்னறையிலிருந்து எடுத்துவந்து அந்தக் கத்திரிக்கோலாலேயே பெல்ட்டைத் துண்டு துண்டாக வெட்டினாள். "இனிமே இந்த வீட்டுல யாரும் சட்டையக் கழட்ட வேணாம்," என்றாள். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்த அண்ணன் ஒரு அடி முன்னால் வைத்தான். பேக்கரிக்காரர் அவன் மார்பில் கையை வைத்துச் சுவரோடு நிறுத்தினார்.

மடித்து வைத்த சட்டையை அண்ணி உதறி மகனுக்குப் போட்டுவிட்டாள். "நட. அந்தப் பையன் முன்னாடி வந்து நில்லு. நீ செஞ்சத உன் வாயாலயே சொல்லு. நானும் கூட நிக்கறேன்."

கன்னத்து ரத்தம் வெள்ளைக் காலரில் சொட்டிப் பரவியது. பிள்ளை காலரை விலக்கப் பார்த்தான்.

"அம்மா, சட்டையெல்லாம் ரத்தமாகுது."

"ஆகட்டும்," என்று அவள் பட்டனைப் போட்டாள்.