தறிக்குழியில் வைத்த செடி

செவிலிமேட்டு வீட்டில், ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள் பச்சைப்பயறு ஊன்றிய கொட்டாங்குச்சி ஒன்றைச் சன்னலிலும் இன்னொன்றை அலமாரிக்குள்ளும் வைத்திருக்கிறாள். அறிவியல் பாடமாம். இன்று அலமாரியைத் திறந்ததும் ஈரமண் வாசனை முகத்தில் அடித்தது. பழைய வீட்டுத் தறிக்குழிக்கே போய்விட்டேன்.

அண்ணனும் அப்போது ஏழாவதுதான். பல்லவ மன்னர்களைக் கத்திக் கத்தி ஒப்பிப்பான். கணக்கைத் தரையிலேயே சாக்பீஸால் போடுவான். இதே சோதனைக்கு இருட்டு வேண்டுமென்று, நெய்யும்போது அப்பா கால் வைக்கும் குழியின் மூலையில் ஒரு கொட்டாங்குச்சியை வைத்தான்.

"யாரும் தொடாதீங்க. நானே வந்து எடுப்பேன்."

அந்த வாரமே காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனவன் உயிரோடு திரும்பவில்லை.

காரியம் முடிந்த பிறகும் அம்மா தினமும் குழியில் இறங்கித் தண்ணீர் ஊற்றினாள். செடி வெளுத்து, நூல் மாதிரி நீண்டது.

"பாருடி, எவ்ளோ உசரமா வளந்துக்கினு இருக்குது."

வெளிச்சமில்லாத செடி அப்படித்தான் நீளும், பிறகு செத்துப்போகும் என்று அண்ணன் உரக்கப் படித்தது என் காதிலும் விழுந்திருந்தது.

"வெயில்ல வெச்சா பொழைக்கும்மா."

"அவன் வந்து எடுக்கறேன்னு சொன்னான்ல?"

அப்பா மறுபடி தறியில் உட்கார்ந்தார். அந்த மூலையில் படாமல் காலை ஒதுக்கி ஒதுக்கி மிதித்து நெய்தார்.

"அம்மா, அத இப்ப எடுக்கக் கூடாது! ஒரு வாரம் ஆகணும்னு மிஸ் சொன்னாங்க!" என்று மகள் பின்னாலேயே ஓடிவந்தாள்.

அதற்குள் நான் அலமாரிக் கொட்டாங்குச்சியோடு வெயிலுக்கு வந்திருந்தேன்.