நான் ஏற்ற முதல் பந்தி

எங்கள் நாஞ்சில் நாட்டில் கல்யாணச் சமையல்காரரைத் தவசுப்பிள்ளை என்போம். அது ஆண்களின் வேலை என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்தது போலத்தான் எல்லோரும் நடந்துகொண்டார்கள். தேங்காய் துருவக் கூலிக்குப் போய், மெல்ல அடுப்படிக்கு ஏறி, ஒருவழியாகச் சொந்தமாக வார்ப்பும் உருளியுமாகப் பெரிய சமையல் பாத்திரங்கள் வாங்கிவிட்டேன். என்னை நம்பி முதல் கல்யாணத்தைக் கொடுத்தவர் சுசீந்திரத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒரு அண்ணன். அவர் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஊர் இரணியல். மாப்பிள்ளையின் பெரியப்பா, பொம்பளையை நம்பியா பந்தி போடுகிறீர்கள் என்று முகம் சுளித்தாராம். இதில் சறுக்கினால் மறுபடி தேங்காய் துருவத்தான் போகவேண்டும் என்று எனக்குத் தெரியும்.

ஆவணி முகூர்த்தம். பந்தி விளம்புகிற, அதாவது பரிமாறுகிற, உள்ளூர் ஆட்கள் யாரும் கிடைக்கவில்லை. மதுரையிலிருந்து வரவழைத்தேன். தொப்பியும் கையுறையுமாக ஜோராக வந்து இறங்கினார்கள். எந்தக் கறி இலையின் எந்த மூலைக்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தேன். பாயசம் எப்போது என்று மட்டும் சொல்லவில்லை. மழை மேலிருந்துதான் பெய்யும் என்று யாராவது சொல்லித் தருகிறார்களா?

எங்கள் பந்தியில் பருப்பும் சாம்பாரும் முடிந்ததும் பாயசம் வரும், அதுவும் இலையிலேயே. அதில் பப்படத்தையும் பழத்தையும் போட்டுப் பிசைந்து வழித்துச் சாப்பிட்ட பிறகுதான் ரசமும் மோரும். வந்தவர்களோ சாம்பார் முடிந்த கையோடு ரசத்தை ஊற்றிவிட்டு, அடைப்பிரதமன் பாயசத்தைக் காகிதக் கப்பில் கொண்டுவந்து இலையோரம் வைத்துவிட்டார்கள். நான் எட்டிப் பார்த்தபோது பந்தி முழுக்க யாருடைய கையும் அசையவில்லை. சாப்பிடவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை. பெரியப்பா கப்பைத் தூக்கிக் காட்டினார்.

"பாயசத்த காப்பி மாதிரி குடிக்கவா எங்கள விளிச்சிய?"

பெண்ணின் அப்பா முகத்தில் ஈயாடவில்லை. இது யார் பார்த்த வேலை என்று என்னிடம் வந்து கேட்டார். மதுரைக்காரர்களைக் கைகாட்டியிருந்தால் நம்பியிருப்பார். எனக்கும் கோபம் தலைக்கு ஏறித்தான் இருந்தது. ஆனால் அவர்கள் தங்கள் ஊர் வழக்கப்படி சரியாகத்தானே செய்தார்கள்.

"இது எனக்க பந்தி அண்ணா. நானே சரி பண்ணுதேன்."

ரசம் ஓடிய இலைகளை எல்லாம் எடுத்துவிட்டுப் புது இலை போடச் சொன்னேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பிரதமன் வாளியை நானே தூக்கினேன். அந்த மண்டபத்தில் ஒரு பெண் பந்தி விளம்பி யாரும் பார்த்ததில்லை. எல்லாத் தலையும் திரும்பியது. மதுரைக்காரர்கள் பப்படமும் பழமுமாக முன்னால் போக, பின்னால் நான் போனேன். முதல் கரண்டியைப் பெரியப்பா இலையில் ஊற்றினேன். அவர் நிமிர்ந்து பார்க்காமல் பப்படத்தை நொறுக்கினார். அந்தச் சத்தம் அடுத்த இலைக்கும் அதற்கடுத்த இலைக்குமாகப் பரவிக்கொண்டே போனது. பிறகு போளியும் பால்பாயசமும் கொண்டு போனேன். பெரியப்பா ஒரு தடவைகூடப் போதும் என்று இலைமேல் கை நீட்டவில்லை. கையில் வாளி இருந்ததால் சந்தோஷத்தில் அழக்கூட நேரமில்லை.

இன்று ஒரே முகூர்த்தத்தில் பல மண்டபங்களுக்கு என் ஆட்கள் போகிறார்கள். தப்பு நடந்தால் முதலில் இலையைப் பாருங்கள், ஆளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்களிடம் கறாராகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்று நாங்கள் பாத்திரங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது பெரியப்பா வெற்றிலையை மென்றபடி வந்தார். தன் மகள் கல்யாணத்துக்கும் நான்தான் சமைக்கவேண்டும் என்றார். மாப்பிள்ளை எந்த ஊர் என்று கேட்டேன்.

"அத இனிமேதான் பாக்கணும். மொதல்ல நீ சம்மதிச்சிரு மக்கா. உனக்க தோதுக்குத்தான் முகூர்த்தம் குறிக்கணும்."